அடிமேல் அடி அடித்தால் அம்மி நகருமா?

(மேசை விளையாட்டில் சேதத் தடுப்புக் கணக்கு)

இரண்டாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை



"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது நம் ஊர்ப் பழமொழி. அடி சின்னதாக இருந்தாலும் விடாமல் அடித்தால் காரியம் நடக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதையே ஒரு கணக்காக எழுதிப் பார்த்தால் சில இடத்தில் உண்மை, சில இடத்தில் பொய் என்று தெரிய வருகிறது. எங்கே உண்மை, எங்கே பொய் என்பதை எனக்குக் காட்டியது பாடப்புத்தகம் இல்லை, ஒரு விளையாட்டு. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். பயப்பட வேண்டாம்.

விளையாட்டு எது?

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவதுதான் இந்த விளையாட்டு. ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் திருடன். ஒருவர் மட்டும் கதையை நடத்துபவர். குகை, பூதம், டிராகன் எல்லாம் அவர் பொறுப்பு. சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். நம் தாயக்கட்டை மாதிரி இல்லாமல் இதில் 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் உண்டு.

இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற ஊரிலிருந்து டி.எஸ்.ஆர். என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'ஹிட் பாயிண்ட்' என்று ஓர் எண் உண்டு. நாம் அதை உயிர்ப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டால் எவ்வளவு சேதமோ அவ்வளவு புள்ளி குறையும். பூஜ்ஜியம் ஆனால் ஆள் விழுந்துவிடுவான். சரி, பூதத்தின் தோல் இரும்பாக இருந்தால்? ஆள் கவசம் போட்டிருந்தால்? அப்போது சேதம் குறைய வேண்டுமே, எவ்வளவு குறையும்? இந்தக் கேள்விக்குப் பதில்தான் 'டேமேஜ் ரெசிஸ்டன்ஸ்', அதாவது சேதத் தடுப்பு.

கவசம் என்ன செய்கிறது?

1971-ல் கைகாக்ஸும் ஜெஃப் பெரன் என்பவரும் 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதிகளை வெளியிட்டார்கள். அதில் சாதாரணச் சிப்பாய்க்கு ஓர் அடி சரியாகப் பட்டால் ஆள் காலி. பொம்மைப் படையை வைத்து விளையாடும்போது அது பரவாயில்லை. ஒரே ஒரு பாத்திரத்தை மாதக்கணக்கில் வளர்த்து விளையாடுபவருக்கு அது சரிப்படுமா? ஆகவே உயிர்ப்புள்ளியும் கவச எண்ணும் உள்ளே வந்தன. தாம் முன்பு எழுதிய இரும்புக் கப்பல் போர் விளையாட்டிலிருந்து இவற்றை எடுத்ததாக ஆர்னசன் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். கப்பலுக்கு இரும்புத் தகடு எவ்வளவு, எத்தனை குண்டு தாங்கும் என்ற கணக்குதான் மனிதனுக்கு வந்திருக்கிறது!

1974 விதியில் கவசம் சேதத்தைக் குறைக்காது. அடி படும் வாய்ப்பைத்தான் குறைக்கும். கவசமே இல்லாதவனுக்கு எண் 9, முழுத்தகடும் கேடயமும் உள்ளவனுக்கு எண் 2. எண் குறையக் குறைய அவனை அடிப்பது கஷ்டம். ஆனால் அடி பட்டுவிட்டால் இருவருக்கும் ஒரே சேதம்தான்.

'அடி பட்டாலும் கவசம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளாதா?' என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அதை விதியாகவே எழுதியது 1978-ல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட 'ரூன்குவெஸ்ட்'. அதில் மனித உடம்பு தலை, மார்பு, வயிறு, இரு கை, இரு கால் என்று ஏழு பாகம். எந்தப் பாகத்தில் அடி படுகிறதோ அந்தப் பாகத்துக் கவசத்தின் எண்ணைச் சேதத்திலிருந்து கழிக்க வேண்டும். மீதிதான் உடம்புக்கு.

ஆக, தடுப்பை மூன்று விதமாக எழுதலாம். அடி படும் வாய்ப்பைக் குறைப்பது ஒன்று. பட்ட சேதத்திலிருந்து ஓர் எண்ணைக் கழிப்பது இரண்டு. பட்ட சேதத்தைப் பாதியாக்குவது மூன்று. முதலாவதை இங்கே விட்டுவிடுவோம். பின் இரண்டும்தான் நம் விஷயம்.

கழித்தல் முறை

1986-ல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட 'கர்ப்ஸ்' விளையாட்டில் கவசத்துக்கு 'டேமேஜ் ரெசிஸ்டன்ஸ்' என்றே பெயர். 4 தடுப்பு உள்ள கவசத்தில் 7 சேதம் விழுந்தால் 3 மட்டும் உள்ளே போகும். அதோடு முடியவில்லை. உள்ளே போனது மொத்துகிற ஆயுதத்தால் என்றால் 3 அப்படியே. வெட்டுகிற ஆயுதம் என்றால் ஒன்றரை மடங்கு, பின்னத்தை விட்டுவிட்டு 4. குத்துகிற ஈட்டி என்றால் இரண்டு மடங்கு, 6. முதலில் கழித்துவிட்டு அப்புறம்தான் பெருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஈட்டிக்கு 14-ல் 4 போக 10 வந்துவிடும். ஆறுக்கும் பத்துக்கும் ஓர் உயிர் வித்தியாசம்!

2000-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பும் பூதங்களுக்குக் கழித்தல் முறையைக் கொண்டுவந்தது. (1997-லேயே டி.எஸ்.ஆரை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கிவிட்டிருந்தது.) அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற எண். மற்றொன்று எந்த ஆயுதத்துக்கு அந்தத் தடுப்பு செல்லாது என்ற விலக்கு. இரும்புப் பதுமைக்கு 50 கழிக்க வேண்டும், மூன்றாம் தர மந்திர ஆயுதம் இருந்தால் ஒழிய. ஐம்பது என்றால் என்ன அர்த்தம்? சரியான ஆயுதம் இல்லாதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

2003-ல் வந்த திருத்தப் பதிப்பு இதைக் கொஞ்சம் நியாயமாக்கியது. அதே இரும்புப் பதுமைக்கு 15-ஆகக் குறைத்தார்கள். விலக்கும் மந்திரத் தரத்திலிருந்து பொருளுக்கு மாறியது. அடமன்டைன் என்ற கற்பனை உலோகத்தால் செய்த ஆயுதம் வேண்டும். ஓநாய் மனிதனுக்கு வெள்ளி வேண்டும். எலும்புக்கூட்டுக்கு மொத்துகிற ஆயுதம், நடைப்பிணத்துக்கு வெட்டுகிற ஆயுதம். யோசித்துப் பார்த்தால் புரியும். எலும்புக்கூட்டில் கத்தியை எங்கே குத்துவது? விலா எலும்புக்கு நடுவில் போய்விட்டு வந்துவிடும். உலக்கையால் ஒன்று போட்டால் எலும்பு நொறுங்கும்.

இன்னொரு நல்ல நுணுக்கமும் அதில் உண்டு. தடுப்பு முழுச் சேதத்தையும் தின்றுவிட்டால், கத்தியில் தடவிய விஷமும் ஏறாது. தோலே கிழியவில்லை, விஷம் எப்படி ரத்தத்தில் கலக்கும்?

பாதியாக்கும் முறை

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு எல்லாவற்றையும் சுருக்கியது. சேதத்தை 13 வகையாகப் பிரித்தார்கள். வெட்டு, குத்து, மொத்து, தீ, குளிர், அமிலம், மின்னல், விஷம் என்று போகும். ஒரு வகைக்குத் தடுப்பு இருந்தால் அந்தச் சேதத்தில் பாதி. பின்னம் வந்தால் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். பலவீனம் இருந்தால் இரு மடங்கு. முழு விலக்கு இருந்தால் பூஜ்ஜியம். சிவப்பு டிராகன் மேல் தீயைக் கொட்டினால் ஒன்றுமே ஆகாது.

ஒரே வகைக்கு இரண்டு இடத்திலிருந்து தடுப்பு வந்தாலும் ஒரு தடவைதான் பாதியாக்க வேண்டும். பாதியில் பாதி என்று கால்வாசிக்குப் போகக் கூடாது. இந்த விதி இல்லையென்றால் புத்திசாலி ஆட்டக்காரர் ஒருவர் மோதிரம், தைலம், மந்திரம் என்று நாலைந்து தடுப்பைச் சேர்த்துக்கொண்டு அசைக்க முடியாத ஆளாகிவிடுவார்.

கத்தியும் கோடாலியும்

இப்போது நம் கணக்குக்கு வருவோம். கத்திக்காரனுக்கு நாலு முகப் பகடை, கோடாலிக்காரனுக்குப் பன்னிரண்டு முகப் பகடை. இருவருக்கும் கைவலுவுக்காக 3 கூட்டிக்கொள்வோம். கத்தி 4 முதல் 7 வரை, சராசரி 5.5. கோடாலி 4 முதல் 15 வரை, சராசரி 9.5. எதிரே 22 உயிர்ப்புள்ளி உள்ள ஒரு பூதம்.

தடுப்பே இல்லாவிட்டால்: கத்திக்கு 4 அடி, கோடாலிக்கு 3 அடி. பெரிய வித்தியாசம் இல்லை.

5 கழிக்கும் தடுப்பு என்றால்: கத்தியின் நாலு விளைவும் 0, 0, 1, 2 ஆகும். சராசரி 0.75. பூதம் விழ 30 அடி வேண்டும். கோடாலியின் சராசரி 4.58. ஐந்து அடி போதும்.

பாதியாக்கும் தடுப்பு என்றால்: கத்தியின் விளைவு 2, 2, 3, 3. சராசரி 2.5. 9 அடி. கோடாலியின் சராசரி 4.5. அதே ஐந்து அடி.

நன்றாகக் கவனியுங்கள். கோடாலிக்காரனுக்கு எந்த முறையானாலும் ஐந்து அடிதான். கத்திக்காரனுக்கோ ஒன்றில் 9, ஒன்றில் 30! விதியை எழுதுகிறவர் ஒரு குறியை மாற்றினால் பெரிய ஆயுதம் வைத்திருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. சின்ன ஆயுதம் வைத்திருப்பவன் தலையில்தான் அது விழுகிறது.

ஏன் இப்படி? பாதியாக்குவது மொத்தத்தைப் பார்க்கிறது. 8-ஐ ஒரே அடியாக அடித்தாலும் 4-ம் 4-ம் என்று இரண்டாக அடித்தாலும் 4 தான் வரும். கழித்தல் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 8-ல் 5 போனால் 3 மிச்சம். 4-லும் 4-லும் தனித்தனியாக 5 போனால் இரண்டுமே பூஜ்ஜியம். நூறு தடவை அடித்தாலும் பூஜ்ஜியம்தான். இங்கேதான் நம் பழமொழி பொய்த்துப் போகிறது. பாதியாக்கும் பூதத்தின் முன் அடிமேல் அடி அடித்தால் அம்மி நகரும். கழிக்கும் பூதத்தின் முன் நகராது.

ஒரு சுலபச் சூத்திரம்: தடுப்பு எண்ணின் இரு மடங்குதான் எல்லைக்கோடு. தடுப்பு 5 என்றால் எல்லை 10. பத்துச் சேதத்தில் இரு முறைக்கும் விடை ஒன்றே. அதற்கு மேலே போகப் போக அடிப்பவனுக்குக் கழித்தல் லாபம். கீழே வர வரப் பாதியாக்குவது லாபம்.

வரிசை மாறினால் விடை மாறும்

ஐந்தாம் பதிப்பில் வரிசை இதுதான். முதலில் மற்ற எல்லாக் கூட்டல் கழித்தலும். இரண்டாவது பாதியாக்குதல். மூன்றாவது, பலவீனம் இருந்தால் இரு மடங்கு.

உதாரணமாக 31 தீச்சேதம் விழுகிறது. ஒரு மந்திர வளையம் அதில் 6 குறைக்கிறது. தீக்குத் தடுப்பும் இருக்கிறது. சரியான வரிசை: 31-ல் 6 போக 25, பாதி 12. வரிசையை மாற்றினால் 31-ல் பாதி 15, அதில் 6 போக 9. மூன்று புள்ளி தப்பாகப் போய்விடும். அதே ஆளுக்குத் தீயில் பலவீனமும் இருந்தால் 12-ஐ இரட்டித்து 24. பாதியும் இரட்டிப்பும் அடிபட்டுப் போய் 25 தானே வரணும் என்று நினைப்போம். பின்னத்தைக் கீழே இறக்கியதால் ஒன்று குறைகிறது.

எல்லா விளையாட்டுக்கும் ஒரே வரிசை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2019-ல் பைசோ நிறுவனம் வெளியிட்ட 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பில் தடுப்பு கழிக்கும், பலவீனம் கூட்டும். முதலில் முழு விலக்கு, பிறகு பலவீனம், கடைசியில் தடுப்பு. எந்தப் புத்தகத்தை வைத்து ஆடுகிறோமோ அந்தப் புத்தகத்தின் வரிசைதான் அங்கே சட்டம்.

திருடன் சும்மா உட்கார்ந்த கதை

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். எங்கள் விடுதி அறையில் 2003 பதிப்பின் விதிகளை வைத்து ஒரு சனிக்கிழமை ஆடினோம். திருடனாக ஆடிய நண்பனிடம் கத்தி மட்டும்தான். கைவலுக் கூடுதல் எதுவும் கிடையாது. எதிரே எலும்புக்கூடுகள். நாலு முகப் பகடையில் அதிகபட்சம் 4, தடுப்பு 5. ஆக எப்போதுமே பூஜ்ஜியம். திருடனின் பெரிய வித்தையான மறைந்திருந்து குத்துவதும் அந்தப் பதிப்பில் எலும்புக்கூட்டிடம் செல்லாது. மற்றவர்கள் ஜாலியாக நொறுக்கிக்கொண்டிருக்க, இவன் உருட்டினான், பூஜ்ஜியம். உருட்டினான், பூஜ்ஜியம். கொஞ்ச நேரத்தில் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஆடுங்கடா, நான் சும்மா பாக்குறேன்" என்று சொல்லிவிட்டான்.

அவன் சொன்ன விதம் எனக்கு உறைத்தது. வகுப்பிலும் அப்படிச் சிலர் உண்டு. எவ்வளவு படித்தாலும் மார்க் வரவில்லை என்று ஒரு கட்டத்தில் புத்தகத்தை மூடிவிட்டுப் பின் வரிசையில் சும்மா உட்கார்ந்துவிடுவார்கள். உழைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் அடியும் எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

மறுநாள் மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு அவனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்போ நான் அடிக்கிறது தப்பில்ல, அடிக்கிற சாமான்தான் தப்பு" என்றான். அடுத்த வாரம் அவன் திருடன் இடுப்பில் கத்தியோடு ஒரு கட்டையும் சேர்ந்துகொண்டது. கட்டைக்கு அந்தத் தடுப்பே கிடையாது. பத்துப் பைசா பெறாத கட்டை, பளபளக்கும் கத்தியைவிட உசத்தியாகிவிட்டது!

தடுப்பு விதியின் நல்ல பக்கம் இதுதான். அது 'உன்னால் முடியாது' என்று சொல்வதில்லை, 'வேறு வழி தேடு' என்கிறது. ஆனால் வேறு வழி இருக்கிறது என்பது ஆடுபவருக்குத் தெரிய வேண்டும். கதை நடத்துபவர் "கத்தி எலும்பில் உரசி வழுக்கிப் போச்சு, ஒரு கீறல்கூட விழல" என்று சொன்னால் ஆள் யோசிப்பான். "பூஜ்ஜியம், அடுத்தவன் வா" என்றால் யோசிக்க மாட்டான். 2014 பதிப்பில் இதே எலும்புக்கூட்டின் விதியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கத்திக்கு முழுச் சேதம், கட்டைக்கு இரு மடங்கு. இரண்டிலும் கட்டைதான் சிறந்தது. ஆனால் ஒன்றில் தெரியாதவனுக்குத் தண்டனை, மற்றதில் தெரிந்தவனுக்குப் பரிசு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

நம் பாடத்தில் இது எங்கே?

இயந்திரவியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. எஃகுக் கம்பியை அதன் 'யீல்டு பாயிண்ட்' வரை இழுக்காமல் விட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதற்கு மேல் போனால்தான் நிரந்தர நீட்சி. கழித்தல் முறைக்கு இது நல்ல உவமை.

ஆனால் அதே எஃகுக்கு, யீல்டு பாயிண்டுக்குக் குறைவான சுமையைத்தான் கொடுத்தாலும் லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்பக் கொடுத்தால் விரிசல் விடலாம். அதற்குப் பெயர் 'ஃபெட்டீக்', களைப்பு. அதற்கும் ஓர் எல்லை உண்டு. 'எண்ட்யூரன்ஸ் லிமிட்' என்ற அளவுக்கும் கீழே இருந்தால் எஃகு எத்தனை தடவையும் தாங்கும். அலுமினியக் கலவைகளுக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஆக நிஜ உலகத்து அம்மி, எஃகா அலுமினியமா என்பதைப் பொறுத்தது!

படிப்புக்கு என்ன பிரயோஜனம்?

"பகடை உருட்டுறதுல என்னப்பா படிப்பு இருக்கு?" என்று என் அப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருவன்தான். கட்டுகிற பீஸ் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். இந்த விதிகளோ ஆங்கிலத்தில் இருக்கின்றன. 'பிறகு', 'தவிர', 'இருந்தால் ஒழிய' என்ற சின்ன வார்த்தைகளில்தான் முழு விதியும் தொங்குகிறது. அதில் ஒன்றை விட்டுவிட்டால் 12 என்பது 9 ஆகிறது. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன். இப்போது தேர்வில் வினாத்தாளை வாங்கியதும் அதே மாதிரிதான் படிக்கிறேன். என்ன கொடுத்திருக்கிறான், எதைத் தவிர்க்கச் சொல்கிறான், எது முதலில்? கேள்வி பாதி அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. ஆங்கிலமும் எனக்குப் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஏற்ற கட்டை எனக்கு இங்கே கிடைத்தது.

செலவும் அதிகம் இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். நாலு பேர், ஒரு தாள், பென்சில், கொஞ்சம் பகடை. அப்பா முழுதாகச் சம்மதிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றார். அதுவும் ஒரு பாதியாக்கும் தடுப்புதானே!

உங்களுக்கு ஒரு கணக்கு

பூதத்துக்கு 30 உயிர்ப்புள்ளி. முதல் வீரன் ஒரு சுற்றில் 5 சேதமாக இரண்டு அடி அடிப்பான். இரண்டாம் வீரன் ஒரு சுற்றில் 10 சேதமாக ஒரே அடி. பூதத்துக்கு 3 கழிக்கும் தடுப்பு இருந்தால் தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் எத்தனை சுற்று? பாதியாக்கும் தடுப்பு என்றால் எத்தனை சுற்று? பின்னத்தைக் கீழே இறக்க மறக்காதீர்கள்.

(விடை: முதல் வீரனுக்கு 8, 8. இரண்டாம் வீரனுக்கு 5, 6. விடையைப் பார்க்காமல் போட்டவர்கள் எங்கள் மேசைக்கு வரலாம். ஒரு திருடன் இடம் காலியாக இருக்கிறது, கட்டை நாங்கள் தருகிறோம்.)